இரண்டிலும் வெள்ளைப் பூ

இதை எழுத ஐந்து வருடத்துக்கு மேலாக எனக்குத் தைரியம் வரவில்லை. பேனாவை எடுப்பேன், அம்மன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஓர்ப்படி, அதாவது என் கணவருடைய அண்ணனின் மனைவி, புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனை முத்தியால்பேட்டையில் விற்றுத் தனியாளாக மகளை வளர்த்தவர். மகளின் நர்சிங் படிப்புக்கென்று வங்கியில் பணம் போட்டு வைத்திருந்தார். "பேங்க்ல குடுக்கற வட்டி எண்ணெய் வெல ஏர்றதுக்கே பத்தலடி" என்று ஒருநாள் அதை எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போட்டார். சில மாதத்திலேயே பங்குச் சந்தை சரியத் தொடங்கியது. கூடைக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோவார். "வஞ்சிரம்னா சாயங்காலத்துக்குள்ள வித்துடணும், நாறிடும். இது நாறுமா நாறாதான்னே தெரியலயே" என்பார்.

எங்கள் பக்கம் மனம் இரண்டுபட்டால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். கண்ணை மூடி எடுப்பதுதான் அம்மன் வாக்கு. வெள்ளை வந்தால் விற்பது, சிவப்பு வந்தால் விட்டுவைப்பது என்று பேசிக்கொண்டோம். பொட்டலம் கட்டியவள் நான். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். மிச்சமாவது தப்பட்டும் என்கிற பயம்தான். ஆனாலும் அந்தச் சந்நிதியில் நான் செய்தது திருட்டு.

நஷ்டத்தோடு விற்றார். அடுத்த வருடமே சந்தை ஏறி, அவர் போட்ட பணத்தைத் தாண்டிப் போனது. விலைவாசியோடு படிப்புச் செலவும் ஏறியது. குறைந்ததற்குக் கடன் வாங்கினார். அதன் வட்டியும் ஏறியது. வேலைக்குச் சேர்ந்த மகளின் சம்பளத்தில் பாதி இன்றும் அதற்கே போகிறது. சந்தை இன்னும் விழுந்திருந்தால் என்னை நானே மெச்சிக்கொண்டிருப்பேனோ என்னவோ. "ஆத்தா சொன்னா காரணம் இருக்கும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"தெரியும்டி. நீ வெளக்கேத்தப் போனப்ப இன்னொன்னயும் பிரிச்சிப் பாத்தேன்."

"அப்பவே நாலு அறை அறைஞ்சிருக்கலாமேக்கா!"

"எனக்கும் வித்துடணும்னுதான் இருந்துச்சு. நானா வித்துக் கெட்டா எம்பொண்ணு மூஞ்சில எப்படி முழிக்கறது? ஆத்தா சொன்னான்னா எம்பொண்ணு ஒண்ணும் கேக்கமாட்டா இல்ல."

மகளுக்கு இன்னும் தெரியாது. இன்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேருமாக உட்கார்ந்து சொல்லப்போகிறோம்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொன்னால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். அம்மன் விற்கச் சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளை நாங்கள் கேட்கவே இல்லை.