ஓலை வாசித்த ஞாயிறுகள்

நேற்றுக் காலை ரயிலில் பொன்னேரியில் ஒரு மீன்கார அக்கா ஏறினார். "கால கொஞ்சம் நவுத்துமா" என்று சொல்லி, தன் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியை என் முழங்காலுக்கும் எதிர் சீட்டுக்கும் நடுவில் செருகினார். தெர்மாகோல் உரசும் சத்தம் உங்களுக்குத் தெரியும்தானே? எல்லோருக்கும் பல் கூசும். எனக்கு மட்டும் கண் சொருகும். தூக்கம் இல்லை அது. கண்ணைத் திறந்து வைத்தபடியே வேறெங்கோ போய்விடுவேன். பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்திப்பட்டுப் புகைபோக்கிகள் பனியில் பாதி கரைந்து நின்றன. இறங்க வேண்டிய ஸ்டேஷனை எப்படித் தவறவிடாமல் இறங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஒரு காலத்தில் நானும் இதே ரயிலில் இதே மாதிரிப் பெட்டியோடு போவேன். என் பெட்டியில் இருந்தது ரத்தம். சின்னச் சின்னக் குழாய்களில், ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவில், கும்மிடிப்பூண்டி ஆட்களின் ரத்தம் சென்னை ஆய்வுக்கூடத்துக்குப் பயணம் போகும். "இன்னா மீனுமா?" என்று யாராவது கேட்காத நாள் கிடையாது. "வித்துப்போச்சுக்கா" என்பேன். காலிப் பெட்டியை ஏன் இப்படிக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருக்கிறாள் என்று பார்ப்பார்கள்.

மஞ்சள்காமாலை வைரஸ்களில் ஒன்றான ஹெபடைடிஸ் பி உடம்பிலேயே தங்கிவிட்டவர்களின் கல்லீரலைப் பல வருடங்கள் கவனித்துப் பார்க்கும் ஆராய்ச்சி அது. அதற்கு எங்கள் ஊரில் ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது, கடைத்தெருவில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில். படியேறும்போது ஆசிட் வாசனை. மேலே போனால் ஸ்பிரிட் வாசனை. இரண்டும் கலக்கும் அந்த நடுப்படியில் நின்றால் எனக்கு ஏனோ மழை வரப்போகிற மாதிரி இருக்கும். மாடியில் ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், நான். அப்புறம் ஒரு கருவி. வலது கையைத் தலைக்கு அடியில் வைத்து மல்லாந்து படுக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு நடுவில் அதன் முனையை வைத்தால் அது மெதுவாகத் தட்டும். உள்ளே கல்லீரல் மிருதுவாக இருக்கிறதா, இறுகிப்போயிருக்கிறதா என்று அந்தத் தட்டிலிருந்தே சொல்லிவிடும். "கதவ தட்ற மாரி கீதே, உள்ள யார்னா கீறாங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். நைட் ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள் இரண்டாவது தட்டிலேயே தூங்கிப்போவார்கள். ஜன்னல் திரை காற்றில் ஊதும், அடங்கும். கம்பெனிச் சட்டையோடு ஓர் ஆள் வாயைத் திறந்து தூங்குவார். எழுப்ப மனசு வராது. சாப்பிடாமல் வரச் சொல்லியிருப்போம், பாவம். எழுந்ததும் நாஷ்டா எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்ததும் நான்தான். இதை நான் எங்கும் சொல்லாமல் விட்டதில்லை, உங்களிடம் மட்டும் விடுவேனா? நைனா ரோலிங் மில்லில் லோடு ஏற்றினார். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் ஏர் பிடித்தார். நான் நுண்ணுயிரியல் படித்து, ரத்தம் எடுக்கப் பயிற்சியும் முடித்து, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டேன். ஆனால் பாருங்கள், அந்த அட்டையை ஊருக்குள் காட்ட முடியாது. எங்கள் பக்கம் கல்லீரல் கெட்டது என்றால் ஒரே அர்த்தம்தான்: குடிகாரன். இந்த வைரஸ் அப்படி வருவதில்லை. அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே குழந்தைக்கு வரலாம், ரத்தத்தால் வரலாம், கணவன் மனைவிக்குள் வரலாம். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. இதையெல்லாம் தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல முடியுமா? அதனால் எங்கள் மாடிக்கு வருகிறவர்களின் பெயர் அந்தப் படியைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்பது கட்டளை. வெளியே பார்த்தால் நாங்களாகச் சிரிக்கக்கூட மாட்டோம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னால் ஞாயிறு பூசைக்குள் மாதா கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். எனவே "ஆபீஸ் வேல" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு, "எம் பொண்ணு கெமிக்கல் கம்பெனில ஆபீசரு" என்று ஊருக்கே அறிவித்துவிட்டார். எந்த கெமிக்கல் என்று கேட்டால், "அதெல்லாம் ரகசியம்" என்பாராம். அது மட்டும் உண்மை.

அருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். சிப்காட்டில் பிரஸ் மிஷின் ஓட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி. கோயில் பாட்டுக்குழுவில் அவர் பாடினால் பின் வரிசைக் கிழவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள். "சொட்டு தொட்டதில்ல மேடம், எனக்கு எப்படி லிவர்ல?" என்று முதல் நாள் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவருடைய அம்மா வழியாக வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். கல்லீரல் நல்ல நிலையில்தான் இருந்தது. மருந்துகூட வேண்டாம், பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். ஆனால் அவருக்குக் கடைத்தெருப் படியேறப் பயம். கம்பெனி ஆள் யாராவது பார்த்துவிட்டால்? அதனால் நான் அவர் வீட்டுக்கே போய் ரத்தம் எடுப்பேன். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்திருக்கும், அவருடைய அம்மா வேலைக்குப் போயிருக்கும் காலை நேரத்தில்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு வயசுப் பெண் வெள்ளைப் பெட்டியோடு வருகிறாள். உள்ளே போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் வெளியே வருகிறாள். ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே கேட்டார்:

"இன்னா பாப்பா, மீனா?"

"ஆமாங்க்கா."

"நானும் எத்தினியோ மீன்காரிய பாத்துகீறேன். கதவ சாத்திக்கினு மீன் விக்கிறவள இப்பத்தான் பாக்குறேன்."

குழாயடியே சிரித்தது. நான் என்ன செய்வேன்? பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, படித்த பெண் நடக்கிற மாதிரி நிமிர்ந்து நடந்து போனேன். அடுத்த வாரமே அருளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பெண் ஜான்சி. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவள்தான், ஏரிக்கரைப் பக்கம் வீடு. செல்போன் கம்பெனிப் பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகிறவள். டாக்டரம்மா அருளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், தடையே இல்லை, ஆனால் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, கல்யாணத்துக்கு முன்பே தடுப்பூசி ஆரம்பித்துவிட வேண்டும். அவளிடம் நீயே சொல். அருள் தலையாட்டிக்கொண்டு போனார். சொல்லவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "கல்யாணம் முடியட்டும் மேடம். இப்ப சொன்னா நின்னுடும்" என்பதுதான் பதில்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது. தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்கு சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, ஃபாதர் கொஞ்சம் நிறுத்துவார். சாதாரணமாக அந்த இடைவெளியில் யாராவது இருமுவார்கள், குழந்தை அழும். அருளின் முதல் ஓலை வாசித்த அன்று யாரும் இருமவில்லை. குழாயடி முழுவதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, நான் எழுந்து நிற்பேன் என்று. சாம்பிராணிப் புகை மேலே போய்க் கண்ணாடி ஜன்னலின் நீல வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. மின்விசிறிகள்கூட மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரிந்தது. ஃபாதர் சொன்ன தடை எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தது வேறு. அதைச் சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை. முன் வரிசையிலிருந்து ஜான்சி திரும்பி என்னைப் பார்த்தாள். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

"எதுனா கீதா டீ?"

"ஒண்ணுமில்லமா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஊரே பாக்குது?"

பூசை முடிந்து, மாதா சிலை இருக்கும் கெபி பக்கம் வந்ததும் ஜான்சி வழியை மறித்தாள். என்னைவிடக் குள்ளம். ஆனால் நான்தான் இரண்டடி பின்னால் போனேன்.

"அவரு ஊட்டுக்கு இன்னாத்துக்கு போற?"

"வேலையா போறேன்."

"இன்னா வேல?"

"அத சொல்லக்கூடாது."

"சொல்லக்கூடாத வேலன்னா எனக்கு தெரியாதா? மூஞ்சிய பாரு, படிச்ச மூஞ்சி."

உனக்காகத்தான்டி நான் தினமும் அந்த மனுஷனைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்று கத்தத் தோன்றியது. "நான் யாரப் பத்தியும் யார்கிட்டயும் பேசமாட்டேன் ஜான்சி. நாளைக்கு உன்னப் பத்தி எதுனா தெரிஞ்சாலும் அப்டித்தான்" என்றேன். அவள் செருப்பைச் சரக்கென்று தேய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். அதே அமைதி, அதே பார்வை. மறுநாள் காலை நேராக அருள் வீட்டுக்குப் போனேன். இந்த முறை பெட்டி இல்லை, கதவையும் சாத்தவில்லை.

"ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா?" என்றேன்.

"தெரியும் மேடம்." தலையைச் சொறிந்தார். "பேசிட்டு போவட்டும். ஜான்சியும் கேட்டா. சிரிச்சி மழுப்பிட்டேன். ஆம்பளைக்கு அது ஒரு பேரா மேடம்? கல்யாணம் ஆனா மறந்துடுவாங்க. குடிச்சி லிவர் போச்சுன்ற பேரு வந்தா சாவுற வரிக்கும் போவாது."

அவர் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. நோயாளி என்று தெரிவதைவிடப் பெண் பித்தன் என்று பெயர் வாங்குவது அவருக்கு லாபமாக இருந்தது. நல்ல மனிதர்தான், சத்தியமாக. அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"உங்க பேரு மறந்துடும்," என்றேன். "என் பேரு?"

அருள் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் எதிர்வீட்டு அக்கா குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்க்காததுபோல் நன்றாகவே பார்த்தார். அருளின் முகம் மெதுவாகச் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். அவ்வளவு ரத்தம் எடுத்திருக்கிறேன், அது முகத்தில் ஏறிப் பார்த்ததில்லை.

"அத நான் யோசிக்கல மேடம்," என்றார்.

"ஜான்சியயும்தான் நீங்க யோசிக்கல."

அந்தச் சனிக்கிழமை மதியம் பேட்டரிக் கடைப் படியில் இரண்டு பேர் ஏறும் சத்தம் கேட்டது. முன்னால் ஜான்சி, நாலு படி பின்னால் அருள். அழுது முடித்த முகம் ஜான்சிக்கு. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் விறைப்பாக நின்றே கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எனுக்கு புள்ள பொறந்தா, அதுக்கு?" உனக்குத் தொற்று வராமல் பார்த்துக்கொண்டு, குழந்தை பிறந்த உடனே அதற்கும் ஊசி போட்டுவிட்டால் பயமில்லை என்றார் டாக்டரம்மா. அங்கேயே செய்த உடனடிப் பரிசோதனையில் ஜான்சியின் ரத்தத்தில் எதுவும் இல்லை. அருள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜான்சி சுடிதார் கையைச் சுருட்டிவிட்டாள். நர்ஸ் ஊசியை எடுக்கும்போது அருள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"கல்யாணத்தப் பத்தி நான் இன்னும் எதுவும் சொல்லல. இந்த ஊசி எனுக்கு."

பஞ்சை நான்தான் அழுத்திப் பிடித்தேன். அவள் தோள் சூடாக இருந்தது. ஜன்னல் திரை ஊதியது, அடங்கியது. "சாரியெல்லாம் சொல்லமாட்டேன்," என்றாள் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கதவ தொறந்து வெச்சிக்கினு ரத்தம் எடுத்தா இன்னா? பேஜாரு புடிச்சவளே."

மறுநாள் மூன்றாவது ஓலை. பெயர் வாசிப்பார்களா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஃபாதர் மைக்கைத் தட்டினார். வேறு இரண்டு ஜோடிகளை வாசித்தார். பாட்டுக்குழுவில் அருள் வியர்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அருளின் பெயரும் ஜான்சியின் பெயரும் வந்தன. அந்த இடைவெளியில் குழாயடி என்னைப் பார்த்தது. நான் ஜான்சியைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நடந்தது. மற்ற ஊசிகளுக்கு அவளாகவே வந்தாள். கடைசி ஊசிக்கு இருவரும் சேர்ந்து வந்து, பைக்கை எங்கே நிறுத்துவது என்று கீழே சண்டை போட்டார்கள்.

ஆராய்ச்சி என்றால் ஒரு நாள் முடியத்தானே வேண்டும். கருவியை மரப்பெட்டியில் அடைத்து வேறு ஊருக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். பேட்டரிக் கடைக்காரர் மாடியையும் சேர்த்து வாடகைக்கு விட்டுவிட, அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள். படியில் எந்த வாசனையும் இல்லை. எனக்குச் சென்னையில் வேறு வேலை. முகத்தைவிடக் கல்லீரலை நான் நன்றாக அறிந்துவைத்திருந்த அத்தனை பேரும் என் கண்ணெதிரே வெறும் ஊர்க்காரர்களாகிவிட்டார்கள்.

அருளும் ஜான்சியும் வேலைக்காக ஒரகடம் பக்கம் குடிபோய்விட்டார்கள். போன கிறிஸ்துமஸுக்குப் பொன்னேரிச் சந்தையில் ஜான்சியைப் பார்த்தேன், இடுப்பில் குழந்தையோடு. அவளே வந்து நின்றாள். எவ்வளவோ கேட்க இருந்தது. அருளுக்கு யாராவது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களா, அந்தக் கருவி இருக்கும் இடத்துக்கு அவர் போகிறாரா என்றெல்லாம். அதைக் கேட்கும் உரிமை எனக்கு ஆராய்ச்சியோடு முடிந்துபோயிருந்தது. "நல்லா கீறீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"கீறோம்," என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். நான் கேட்காததற்கும் பதில் சொன்னாள்: "இவுளுக்கு பொறந்த அன்னிக்கே ஊசி போட்டாச்சி."

அருளைப் பற்றி அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சந்தைக் கூட்டம் இருவரையும் இரண்டு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது.