லவெர்னின் வலப்பக்கம்

ஜூன் மாதத்து வியாழக்கிழமைக் காலையில் நெப்ராஸ்காவின் நேர்க்கோட்டுச் சாலையில் ஆர்.வி. என்னும் அந்த வீட்டு வண்டி போய்க்கொண்டிருந்தபோது, ஆர்லிஸ் ஹோல்ம் தன் இடது கையை நீட்டிக் கணவனின் முழங்கைமேல் வைத்திருந்தாள். பின்னால் சாப்பாட்டு மேசையருகே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பேத்திகள் ஹார்பரும் ஐவியும் அதைப் பார்த்துக் கிசுகிசுத்துச் சிரித்தார்கள்.

"பாட்டிக்குத் தாத்தாமேல எவ்வளவு ஆசை பாரு, கையை விடவே மாட்டேங்கறாங்க" என்றாள் ஒன்பது வயது ஹார்பர்.

"நாப்பத்தி ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. இன்னும் காதல் தீரல" என்று மகள் காரினும் சேர்ந்துகொண்டாள்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. வலப்பக்கம் ஒரு கிளைச்சாலையிலிருந்து டிராக்டர் ஒன்று மெல்ல முன்னேறி வந்துகொண்டிருந்தது. லவெர்னின் முழங்கையில் விரலால் ஒருமுறை தட்டினாள். அவன் உடனே தலையை வலப்புறம் திருப்பினான், டிராக்டரைக் கண்டான், வேகத்தைக் குறைத்தான். ஒரு தட்டு என்றால் வலப்பக்கம் ஏதோ இருக்கிறது. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. எட்டு மாதமாக அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பாஷை அது.

சென்ற அக்டோபரில் ஒருநாள் காலை லவெர்ன் காபிக் கோப்பையை மேசைக்கு வெளியே, வெறுங்காற்றில் வைத்தான். கோப்பை விழுந்து உடைந்தது. மறுநாள் கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்துபோயிருக்கிறது என்றார்கள். கையும் காலும் பேச்சும் தப்பிவிட்டன. "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா வலது பாதியில தெரியறத மூளை வாங்கிக்கல" என்றார் டாக்டர். கண் பரிசோதனை முடியும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளில் பனி கொட்டியது. லவெர்ன் போன் செய்து ரத்து செய்தான். மறுபடி நாள் கேட்கவில்லை. ஆர்லிஸும் கேட்கச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பின்னாளில் அவளைப் பலரும் கேட்டார்கள். அவள் தன்னைத்தானே அதைவிட அதிகம் கேட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் நின்றவள் அவள். முந்நூறு பிள்ளைகளுக்குக் காரமில்லாத சில்லி என்னும் பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும், அதோடு தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் செய்து செய்தே முழங்கால் தேய்ந்தது. லவெர்ன் தானியக் கிடங்கில் முப்பது வருஷம் தூசி குடித்தவன். இருவரும் ஓய்வுபெற்ற வருஷம் இந்தப் பழைய ஆர்.வி.யை வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் கொண்ட இருபத்தொன்பது அடி நீள வண்டி. அதோடு 'பிரெய்ரி ரோலர்ஸ்' முகாம் கிளப்பிலும் சேர்ந்தார்கள். வருஷத்துக்கு நான்கு கூட்டம், நாற்பது ஐம்பது வண்டிகள். தன் மாவட்டத்தைத் தாண்டி எதையும் பார்த்திராத ஆர்லிஸ் மலைகளையும் பெரிய ஏரிகளையும் பார்த்தாள். அதைவிட முக்கியம், அவளுக்கு அங்கே ஆட்கள் கிடைத்தார்கள். வண்டி ஓட்டுவதில்லை என்றால் கிளப் இல்லை. கிளப் இல்லை என்றால் வீட்டில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். அவ்வளவுதான் அவள் எண்ணிப்பார்த்தது.

"நீ என் வலது கண்ணா இரு, போதும்" என்றான் லவெர்ன். மே மாதம் கிளப் நண்பர்களோடு ஒரு சின்னப் பயணம் போய்வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தத் துணிச்சலில்தான் மகளையும் பேத்திகளையும் ஜூன் கூட்டத்துக்கு அழைத்தார்கள். லிங்கன் நகரத்து வங்கியில் வேலைபார்க்கும் காரின் நான்கு நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். அவளிடமும் எதுவும் சொல்லவில்லை.

கூட்டம் நடக்கும் கண்காட்சித் திடலில் வியாழன் மத்தியானமே போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமைதான் கூட்டம் வந்தது. ஆர்லிஸ் பதிவு மேசையில் உட்கார்ந்து பெயர் அட்டைகளைக் கொடுத்தாள். லவெர்ன் வழக்கம்போல ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு கோல்களுடன் வண்டிகளை வரிசையில் நிறுத்தும் வேலைக்குப் போனான். பதினோரு வருஷமாக அது அவன் வேலை. கோலை ஆட்டினால் பின்னால் வா, இரண்டையும் குறுக்கே வைத்தால் நில். எவ்வளவு நீள வண்டியானாலும் புல்வெளியில் நூல் பிடித்தாற்போல் நிறுத்திக் காட்டுவான்.

அன்று காலை அவன் சட்டையை மாட்டும்போது ஆர்லிஸ் மெதுவாகக் கேட்டாள்: "இந்தத் தடவை வேற யாராவது பாக்கட்டுமே?"

"ஏன், நடந்துதானே போறேன்? ஓட்டவா போறேன்?"

அது நியாயம்போலத்தான் அவளுக்கும் பட்டது.

இரண்டரை மணிக்கு வெண்டல் புரோஹாஸ்கா தன் டிரக்கில் கோத்து இழுத்த நீண்ட வீட்டு வண்டியுடன் வந்தான். வெண்டலும் அவன் மனைவி பெவும்தான் ஹோல்ம் குடும்பத்துக்குக் கிளப்பிலேயே நெருக்கம். "லவெர்ன், ஒழுங்கா நிறுத்து. போன வருஷம் குப்பைத்தொட்டிக்கு நேரா என் ஜன்னல வெச்சே!" என்று வெண்டல் ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"உன் சமையலுக்கு அதான் சரியான இடம்!" என்றான் லவெர்ன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வெண்டல் பின்னோக்கி ஓட்டத் தொடங்கினான். மின்சார இணைப்புத் தூணருகே யாரோ ஒரு மடக்கு நாற்காலியை விட்டுப் போயிருந்தார்கள். பெவ் முன்னிருக்கையிலிருந்து இறங்கிப் போய் அதை எடுக்கக் குனிந்தாள். லவெர்னுக்கு வலப்பக்கம், பத்தடி தூரம். லவெர்ன் கோல்களை ஆட்டினான். வா, வா, இன்னும் வா.

பதிவு மேசையிலிருந்து ஆர்லிஸ் அதைப் பார்த்தாள். அவள் விரல் தன்னையறியாமல் மேசையை இரண்டுமுறை தட்டியது. பிறகுதான் தொண்டை திறந்தது. "நிறுத்து! லவெர்ன், வலப்பக்கம்!" என்று அவள் கத்தியதும், வண்டியின் பின்மூலை பெவைத் தூணோடு சேர்த்து நெரித்ததும் ஒரே கணத்தில் நடந்தன.

பெவ் அலறவில்லை. "ஐயோ, வெண்டல்" என்று மட்டும் சொன்னாள், ஏதோ பாலைக் கொட்டிவிட்டவள்போல. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். "நான் கண்ணாடியைப் பாக்கல சார். இறங்கினவ தள்ளித்தான் நிக்கறான்னு நெனச்சுட்டேன்" என்றான் வெண்டல். லவெர்னைக் கேட்டபோது, "அவ வந்தத நான் கவனிக்கல" என்றான். அது பொய்யில்லை. போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். கிளப் ஆட்கள் லவெர்னின் முதுகில் தட்டி, "யாருக்கு வேணா நடக்கும்ப்பா" என்றார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

சனிக்கிழமை காலைச் சிற்றுண்டிக் கூடத்தில் பேச்செல்லாம் வெண்டலைப் பற்றித்தான். ஆஸ்பத்திரியில் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து, "என் பொண்டாட்டிய நானே இடிச்சுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடவில்லையாம். தன் மகன் போன் செய்தபோது பேச மறுத்துவிட்டானாம். ஆர்லிஸின் தட்டில் முட்டை ஆறிப்போயிற்று. அவள் எழுந்து வண்டிக்குப் போனாள். பேத்திகள் வெளியே வளையம் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். லவெர்ன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"வெண்டல்கிட்ட சொல்லணும்" என்றாள்.

"சொல்லலாம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன்ல சொல்லலாம்."

"வீட்டுக்கு எப்படிப் போறது? நீ ஓட்டியா? பிள்ளைங்களப் பின்னாடி உக்கார வெச்சா?"

அவன் ஜன்னல் வழியே வளையம் எறியும் பேத்திகளைப் பார்த்தான். பிறகு, "சொல்லிட்டா என்கிட்ட என்ன மிஞ்சும், ஆர்லிஸ்?" என்றான். அவன் குரல் தழுதழுத்து அவள் இதற்குமுன் கேட்டது அவன் தாய் இறந்த அன்று ஒருமுறை மட்டும்தான்.

"எனக்குத் தெரியல" என்றாள் அவள். "ஆனா வெண்டல் சாப்பிட மாட்டேங்கறான்."

பேத்திகளைப் பக்கத்து வண்டிக்காரர்களிடம் விட்டுவிட்டு, அவர்களது டிரக்கை இரவல் வாங்கிக்கொண்டு காரினோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். காரின்தான் ஓட்டினாள். முழங்கால் உயரம் வளர்ந்த மக்காச்சோளம் இருபுறமும் ஓடியது. நான்கு மைல் தாண்டியதும் ஆர்லிஸ் வாயைத் திறந்தாள். அக்டோபரிலிருந்து ஆரம்பித்தாள். காபிக் கோப்பை, டாக்டர், ரத்து செய்த பரிசோதனை, முழங்கையில் தட்டுவது. முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் காரின் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டாள்.

இன்ஜினை அணைத்தாள். "அம்மா, ஐவிக்கு ஆறு வயசு" என்றாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்? உனக்கு என்ன தெரியும்? தொண்ணூறு மைல் வந்தோம். அவ பின்னாடி உக்காந்து படம் வரைஞ்சுகிட்டு வந்தா. நான் சிரிச்சேன். நீ கையைத் தொட்டுகிட்டு வந்ததப் பாத்து நான் கேலி பண்ணினேன்!"

"நான் ஒவ்வொரு நிமிஷமும் பாத்துகிட்டுதான் வந்தேன் காரின். கண்ணச் சிமிட்டக்கூட இல்ல."

"நேத்து நீ எங்க இருந்தே?"

காரின் கீழே இறங்கி, சோளக்கொல்லையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து ஏறியபோது கண்கள் சிவந்திருந்தன.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வெண்டல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். சவரம் செய்யாத முகம். நேற்றுப் போட்ட அதே கிளப் சட்டை. ஆர்லிஸைக் கண்டதும் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "லவெர்ன் எப்படி இருக்கான்? அவன் மனசு கஷ்டப்படுவான்னு பெவ் சொல்லிகிட்டே இருந்தா. அவன் மேல தப்பில்லன்னு சொல்லு."

அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ளாமலேயே அவள் சொல்லிவிட்டாள். "வெண்டல், அவனுக்கு வலப்பக்கம் தெரியாது. அக்டோபர்ல இருந்து. எனக்குத் தெரியும். நாங்க மறைச்சுட்டோம்."

கையை விட்டது வெண்டல்தான். சட்டென்று அல்ல. ஒவ்வொரு விரலாக விட்டதுபோல அவளுக்கு இருந்தது.

"மே மாசம் உங்க வண்டி முன்னாடி போச்சு, நாங்க பின்னாடி வந்தோம். மலைப்பாதையில" என்றான்.

"ஆமா."

"அப்பவும்?"

"அப்பவும்."

"நான் நேத்துல இருந்து என்னையே கொன்னுகிட்டு இருக்கேன், ஆர்லிஸ்."

"தெரியும். அதனாலதான் வந்தேன்."

"நேத்தே வந்திருக்கலாமே?" அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போ. தயவுசெஞ்சு போயிடு. அவ முழிச்சா உன்னப் பாக்க வேணாம்."

அன்று பிற்பகலே காரினின் கணவன் காரில் வந்து மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துப் போனான். ஹார்பர், "நாம ஏன் பாட்டிகூட வீட்டுக்குப் போகல?" என்று கேட்டது ஆர்லிஸின் காதில் விழுந்தது. காரின் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

போலீஸ்காரரைப் போனில் கூப்பிட்டு லவெர்னே பேசினான். ஆர்லிஸ் சொல்லாமலே செய்தான். வாக்குமூலத்தைத் திருத்தி எழுத மறுபடியும் ஆள் வந்தது. ஆரஞ்சுச் சட்டையையும் கோல்களையும் கிளப் தலைவரின் வண்டி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினான். வழியில் யாரும் அவன் முதுகில் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்லிஸ் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அந்த வண்டியை அவள் அதுவரை ஓட்டியதே இல்லை. திடலின் வாசலைத் தாண்டும்போது நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கினாள். உள்ளே அலமாரியிலிருந்து தட்டுகள் சரிந்தன. நாற்பது மைல் வேகத்துக்குமேல் போகத் துணியவில்லை. பின்னால் கார்கள் ஹார்ன் அடித்தன. பக்கத்தில் லவெர்ன் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் அவள் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து ஓட்டுவதைப் பார்த்து, "ஓரமா நிறுத்தி மூச்சு விட்டுக்கோ" என்றான். அந்தப் பயணத்தில் அவன் பேசியது அவ்வளவுதான். அதன்பிறகும் மூன்று வாரம் அவளிடம் தேவைக்குமேல் பேசவில்லை.

பரிசோதனை நடந்தது. லைசென்சைத் திருப்பிக் கொடுத்தான். ஆர்.வி. ஆகஸ்டில் வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று. அதை ஓட்டிக்கொண்டு போனபோது லவெர்ன் கொல்லைப்புறத்தில் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. காரின் ஞாயிறுதோறும் போன் செய்தாள். அப்பாவிடம் பேசினாள். அம்மாவிடம் வானிலை கேட்டாள்.

பெவ் இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு செப்டம்பரில் வீடு திரும்பினாள் என்று கிளப்பிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். ஆர்லிஸ் மூன்று கடிதம் போட்டாள். பதில் வரவில்லை. அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு அறுபது மைல் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

வெண்டல் திறந்தான். அவளைப் பார்த்தான். பக்கவாட்டுக் கதவு வழியாகக் கொட்டகைக்குப் போய்விட்டான். வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை.

பெவ் ஜன்னலோரம், பிடித்து நடக்க உதவும் சட்டத்தை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். ஆர்லிஸ் அறை வாசலிலேயே நின்றாள்.

"கடிதமெல்லாம் படிச்சேன்" என்றாள் பெவ். "எனக்கு உன்மேல கோவம், ஆர்லிஸ். லவெர்ன்மேலகூட அவ்வளவு இல்ல. அவனுக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சுது."

"ஆமா."

"அது போகுமான்னு எனக்குத் தெரியல. போகும்னு நெனச்சு நீ வந்திருந்தா, இப்பவே கிளம்பிடு."

"அப்படி நெனச்சு வரல."

பெவ் மூலையிலிருந்த துணிக்கூடையைக் காட்டினாள். "வெண்டல் துணியக்கூட ஒழுங்கா மடிக்கத் தெரியாதவன்" என்றாள். "அந்தக் கூடையில ஒரு வாரத்துத் துணி கிடக்கு."

ஆர்லிஸ் கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் போட்டாள். கூடையைத் தரையில் இழுத்து வைத்துக்கொண்டு, தேய்ந்த முழங்காலை மெல்ல மடக்கி உட்கார்ந்து, ஒரு துவாலையை எடுத்து உதறினாள். அன்று மாலைவரை இருந்து அத்தனையையும் மடித்து அடுக்கினாள். கிளம்பும்போது, மறுபடி வா என்று பெவ் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாயும் ஆர்லிஸ் போனாள்.