கண்ணாடிக்காரர்களுக்கு ஓர் அக்கா

நம் முகத்திலிருந்து கண்ணாடியைக் கஸ்தூரி அக்காவே கழற்றிவிடுகிறார். அனுமதி கேட்பதெல்லாம் கிடையாது. கழற்றியதைக் கைநீளத்தில் பிடித்து, அதன் வழியே படகின் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு இடமும் வலமுமாக ஆட்டுகிறார். கம்பமும் கூடவே நகர்ந்தால் நமக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது என்று அர்த்தம். எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்துப் பவரையே சொல்லிவிடுகிறார்.

"நாலு. இல்ல, நாலரைக்குள்ள இருக்கும். சரியாம்மா?"

"நாலேகால்க்கா!" என்று வாயைப் பிளந்தாள் சபீதா. பாசிர் கூடாங்கில் கிளினிக் ஒன்றில் தாதியாக வேலை பார்ப்பவள். என்னைப் போலவே அவளுக்கும் முக்குளிக்க வருவது அது இரண்டாவது தடவை.

கஸ்தூரி அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. மலேசியாவின் மெர்சிங்கிலிருந்து தீவுகளுக்குப் படகில் கூட்டிப்போய், ஆட்களைக் கடலுக்கடியில் இறக்கி, பத்திரமாக ஏற்றிக் கொண்டுவருவது அவர் தொழில். முக்குளிப்பு வழிகாட்டி என்று கடையின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறது. அவர் காலடியில் எப்போதும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் பிஸ்கட்டைத் தேடாதீர்கள். பவர் லென்ஸ் வைத்த மாஸ்க்குகள், இரண்டிலிருந்து எட்டு வரை, அரை அரையாகக் கூடிக்கொண்டு போகும். பட்டையில் நகப்பூச்சால் எண் போட்டிருக்கிறார். எல்லாம் சொந்தக் காசில் வாங்கியவை, வாடகையும் கிடையாது.

கண்ணாடியோடு மாஸ்க்கை மாட்ட முடியாதா என்று நான் முதல்நாள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "காது மேல போற கம்பி எங்க சார் போகும்? அந்தச் சந்துல தண்ணி வந்துரும்லா!" காண்டாக்ட் லென்ஸ் போட்டு வருகிறவர்களையும் அவர் விடுவதில்லை. ஒருநாள் போட்டு வீசுகிற மெல்லிய லென்ஸ் என்றால் சரி (இப்போது அவர் போடுவதும் அதுதான்), ஆனால் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளவேண்டும், மேலே வந்ததும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் என்றால் கண்ணாடிக்கடையில் அளவெடுத்து லென்ஸை மாஸ்க்குக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளலாம். "தண்ணிக்குள்ள எல்லாம் பெருசா, கிட்டக்கத் தெரியும் சார். அரை பவர் கொறஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது" என்று சொல்லி, நாலரைக்காரனான என் கையில் நாலைத் திணித்தார்.

இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சொந்த ஊரான பெக்கோக்கில் ஒன்பது வயதிலேயே சோடாபுட்டி போட்டவர். பிறகு பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் ஷிப்ட் வேலை. ஒரு தடவை கம்பெனியில் தீவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். "எல்லாரும் மீன் மீன்னு துள்றாளுங்க. எனக்குத் துணி தொவச்ச தண்ணி மாதிரி இருக்கு. ஆமா ஆமா, பாத்தேன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். அன்னிக்கி ராத்திரி அழுதேன் சார்." மறு வருஷம் யாரோ பவர் மாஸ்க் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு தொழிற்சாலைக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டார்.

தண்ணீருக்கடியிலும் இந்த அம்மாள் சும்மா இருப்பதில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நம் முன்னால் வந்து நின்று, உள்ளங்கையைத் தட்டி, காற்று எவ்வளவு மிச்சம் என்று கேட்பார். நம் காற்று மீட்டரைப் பார்த்து விரலால் காட்டவேண்டும், நிரம்பிய டேங்க் என்றால் இருநூறு. பிறகு தன் மீட்டரையும் நீட்டுவார், அதையும் படித்துக் காட்டவேண்டும். புதியவர்களுக்கு அது பயிற்சியாம். இப்படியொரு பொறுப்பான ஆளைப் பார்த்ததில்லை என்று படகே புகழும். நானும் புகழ்ந்தேன். இதே பத்திரிகையில் எழுதுவதாக வாக்கும் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நானும் சபீதாவும் அவரோடு பதினெட்டு மீட்டர் ஆழத்தில் இருந்தோம். காலையில் மிச்சமான டேங்க்கையே வழிகாட்டிகள் மத்தியானமும் போட்டுக்கொள்வது அந்தக் கடையில் வழக்கம். அவர்களுக்குக் காற்று அவ்வளவு செலவாகாது. ஆகவே எங்களுக்கு நிறைய இருந்தது, அக்காவுக்குத்தான் குறைவு. வழக்கம்போலத் தன் மீட்டரை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்கு நாற்பத்தொன்பது வயது. புத்தகம் படிக்கவேண்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் படிக்கிறேன். தண்ணீருக்கடியில் எதைக் கழற்றுவது? என் வாடகை மீட்டர் பழைய மாதிரி, முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சமாளித்துவிடுவேன். வழிகாட்டிகளுக்கோ இந்த வருஷம் எண் மின்னுகிற புது மீட்டர் கொடுத்திருந்தார்கள். ஆறா எட்டா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று கைகாட்டினால் என்ன கெட்டுப்போகும்? பக்கத்தில் இருபத்தெட்டு வயதுப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாளே! எட்டு விரலைக் காட்டினேன், எண்பது என்று.

அறுபது என்றால் உடனே திரும்பவேண்டும், எண்பது என்றால் ஆமை தூங்கும் பாறை வரைக்கும் போகலாம். அக்கா கூட்டிப்போனார். ஆமையும் இருந்தது. திரும்பும்போது நீரோட்டம் எதிர்த்ததால் நேரமாகிவிட்டது. மேலே ஏறி, கடைசி ஐந்து மீட்டரில் விதிப்படி மூன்று நிமிஷம் நின்றபோது, காற்று தீரப்போகிறது என்ற சைகையாக அக்கா நெஞ்சைத் தொட்டார். பிறகு என் டேங்க்கிலிருந்து வரும் மாற்று மூச்சுக் குழாயைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டார். சபீதா இதுவும் பயிற்சி என்று நினைத்து, விரலை வட்டமாக்கிச் சரி என்று காட்டினாள்.

தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் அவள் படகை நோக்கி நீந்திப் போனாள். அக்கா மிதந்துகொண்டே கேட்டார்.

"எம்பதுன்னு காட்டுனீங்களே, சார்?"

"தெரியலக்கா. குத்துமதிப்பாக் காட்டிட்டேன். எனக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது. வெக்கமா இருந்துச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"எனக்கும் தெரியாது சார். அதான் உங்கள்ட்ட நீட்டுனேன்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அலை மட்டும் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. முள் மீட்டர் இருந்தவரைக்கும் இந்தக் குறை வெளியே தெரியவில்லையாம். இந்த வருஷம்தான் எண்கள் கலங்கிப்போயின. மாஸ்க்கின் அடியில் அரைநிலா மாதிரி சின்ன வாசிப்பு லென்ஸ் ஒட்டிக்கொள்ளலாம் என்று கண்ணாடிக்கடையில் ஷர்மினி என்ற பெண் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கிறாள். அரைநாள் வேலை. இவர்தான் தள்ளிப்போட்டிருக்கிறார். "அத ஒட்டுனா பாக்குறவங்க கேப்பாங்கள்ல? கெழவி ஆயிட்டான்னு மொதலாளி முத்து என்னைய மேல ஒக்கார வச்சிட்டான்னா? தண்ணிக்குள்ள எறங்காம நான் என்னா சார் பண்ணுவேன்?"

ஊரில் இருக்கிற கண்ணுக்கெல்லாம் டின்னைத் திறந்துவைத்த மனுஷி, தன் கண்ணை மட்டும் யாருக்கும் காட்டாமல் ஒளித்துவைத்திருந்திருக்கிறார். "நாம பயிற்சின்னே சொல்லிடுவோம்க்கா. சபீதாவே அப்படித்தான் நம்புறா" என்றேன். நான் ஒரு கோழை, யோசனையும் கோழையின் யோசனைதான். அவர் ஏணியைப் பிடித்து ஏறினார்.

படகில் வீரமுத்து எழுதும் அட்டையோடு நின்றார். கடையின் முதலாளி. நல்ல மனிதர், ஆனால் காற்று விஷயத்தில் கறாரான ஆள். மேலே வந்ததும் ஒவ்வொருவரும் மிச்சக் காற்றைச் சொல்லவேண்டும், அவர் எழுதிக்கொள்வார். ஐம்பதுக்குக் கீழே வந்த வழிகாட்டி அந்த சீசன் முழுக்கத் தண்ணீரில் இறங்கக்கூடாது. போன வருஷம் தன் மச்சான் வசந்தனையே அப்படிக் கடையில் உட்கார வைத்தார்.

"அண்ணே, கஸ்தூரிக்கா மாதிரி வராது!" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சபீதா சொன்னாள். "காத்து காத்துன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசில ரெண்டு பேரும் ஒரே டேங்க்ல மூச்சு விட்டுக் காட்டுனாங்க. எனக்கு எழுபத்தஞ்சு."

வீரமுத்து சிரித்துக்கொண்டே எழுதினார். நான் எழுபது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அக்காவுக்கு வழக்கம்போல அம்பதா?" என்று கேட்டார், பேனாவை ஏற்கனவே அட்டையில் ஊன்றிவிட்டு. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். நான் வேறு, ஆட்டுங்கள் ஆட்டுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரி அக்கா குனிந்து தன் பையின் அடியைத் துழாவினார். துண்டுக்குள் சுருட்டிவைத்திருந்த ஒரு வாசிப்புக் கண்ணாடியை எடுத்தார். மருந்துக்கடையில் தொங்குமே, அந்த மாதிரி. ஈர முகத்தில் அதை மாட்டிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மீட்டரைத் தூக்கிப் படித்தார்.

"ஒம்பது, முத்து."

பேனா நகரவில்லை. அக்கா அதை வீரமுத்துவின் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து, தன் பெயருக்கு நேரே தானே எழுதினார்.