தோள் இறங்காமல் முடிந்த சண்டை

குத்துச்சண்டையில் அடி வாங்குகிறவருக்கு ரவுண்டுக்கு ரவுண்டு ஓய்வு உண்டு; ஒத்தடம் கொடுக்கிறவளுக்குத்தான் அது கிடையாது. சிலம்பக்காரருக்கும் மாடு பிடிக்கிறவருக்கும் வாழ்க்கைப்பட்டு, தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு அடுப்படியில் காத்திருக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு ஆரப்பாளையத்தில் பஞ்சு மில்லுக்கு எதிரே இட்லிக் கடை. எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த மில்லில் பொதி தூக்கும் வேலை; மற்ற நேரமெல்லாம் குத்துச்சண்டை.

உளுந்து போன இடம்

யுத்தம் தொடங்கிய சமயத்தில் பொதி அடுக்கின் மேலிருந்து விழுந்து இவருக்கு வலது தோள் மூட்டு இறங்கிவிட்டது. அப்போது பெஞ்சமினோடு மூன்றாவது சண்டை பேசி வைத்திருந்தார்கள். பெஞ்சமின் ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன், இவரைவிட இளையவன். முதல் சண்டையில் இவர் ஜெயித்தார், இரண்டாவதில் அவன். மூன்றாவதில் யார் என்று மில் வாசலில் தினமும் வாய்ச்சண்டை நடக்கும். அதற்குள் இப்படி. மேலூரில் எலும்புக் கட்டு வைத்தியர் ஒருவர் மூட்டை ஏற்றி, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டுப் போட்டார். கடைக்கு வைத்திருந்த உளுந்தெல்லாம் தோளுக்குப் போனது. ஆனால் கை பிழைத்தது. அந்த மனிதர் இருக்கும் திசையைப் பார்த்து இன்றும் கும்பிடுகிறேன்.

நாலு வருஷம் இவர் கையுறையைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள், "அந்த ஒரு சண்டையை மட்டும் முடிச்சிர்றேன்" என்றார். வைத்தியராவது தடுப்பார் என்று மேலூருக்கு இழுத்துப் போனேன். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். பொதி தூக்குகிற அந்தக் கையை நம்பித்தான் நாங்கள் நாலு பேர். வைத்தியர் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, இவரிடம் பேசாமல் என்னிடம் சொன்னார்: "இன்னொரு தடவ எறங்குச்சுன்னா இந்தக் கை சோறு அள்ளத்தான் ஆகும் தாயி, பொதி தூக்க ஆகாது. எதுக்கும் இப்பவே சட்னி அரைக்கப் பழக்கிவிடு."

சட்னி மேல் ஈ

சட்னி ஏனத்தின் மேல் பறக்கிற ஈயை இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பிடித்துவிடுவார். அதைப் பார்க்கவே இரண்டு இட்லி கூடத் தின்பார்கள். பயிற்சி தொடங்கி, விடியற்காலையில் வைகை மணலில் ஓடி, கன்னம் ஒட்டிப்போனார். சரி, பழைய ஆள் திரும்பிவிட்டார் என்று நானும் நினைத்தேன். ஒரு காலையில் ஈ வந்தது. கையை வீசினார். கை மூடியபோது ஈ சாம்பார் வாளிக்குப் போய்விட்டது. மறுபடி வீசினார். ஈ எங்கே இருந்ததோ அங்கேதான் கை போனது. ஈ இருக்கிற இடத்துக்குப் போகவில்லை.

தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் இவர் கையையே பார்த்தார்கள். எந்நாளும் வருகிற, மில்லில் நூல் நூற்கிற மாயாண்டி மட்டும் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "விடுண்ணே, நீ கையுறையத் தொடாத நாலு வருசமும் அந்த ஈ பறந்துக்கிட்டே இருந்திருக்கும்ல."

சாக்குக் கழிவு

இருவரும் ஒரே எடையில் நிற்க வேண்டும் என்பது பேச்சு. எடை பார்க்க நெல் மண்டித் தராசுதான். என் தம்பி முத்தையாதான் சண்டையில் இவருக்குத் தண்ணீர் கொடுத்துத் துடைத்துவிடுகிறவன். அவனோடு நானும் போனேன். போகாமல் இருந்தால் தாங்காது எனக்கு. ஒரு தட்டில் படிக்கல்லை வைத்து, மறு தட்டில் இவரைக் குத்தவைத்தார்கள். மூட்டையை நிறுத்தால் சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பது மண்டி வழக்கம். இவர் கூடுதல். முத்தையா விடவில்லை: "சாக்குக்குக் கழிப்பீகள்ல, வேட்டிக்கும் கழிங்க." மண்டிக்காரர் பெரிய மனது பண்ணிக் கழித்தார். அப்படியும் முள் நிற்கவில்லை.

"வேட்டிக்குக் கழிச்சாச்சு மாப்ள," என்றார், "நாலு வருசமா உங்கக்கா போட்ட இட்லிக்கெல்லாம் நான் எங்க போயிக் கழிக்கிறது?"

இடது தோள்

அதற்கப்புறம் இவர் கஞ்சியும் பாதி வயிறுமாக இருந்து எடையைக் குறைத்தார். சண்டைக்கு முதல் நாள் ஊருக்கு வந்த பெஞ்சமின் நேரே கடைக்கே சாப்பிட வந்துவிட்டான். எப்போதும் மரியாதையான பிள்ளை. இலையைப் போட்டேன். "அந்தத் தோளைப் பார்த்துக்கோப்பா" என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அடிக்கிற இடத்தை நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாமல் விட்டால் தெரியாமல் அடித்துவிடுவானோ என்று இன்னொரு பயம். இப்படி நான் தவித்துக்கொண்டிருக்கும்போது, இவர் குழாயடியிலிருந்து இடது தோளில் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார்.

பெஞ்சமின் குடத்தையே பார்த்தான். பிறகு கை கழுவ எழுந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டான்: "என்னக்கா, அண்ணே எப்பவும் வலது தோள்லதான கொடம் வப்பாரு?"

கொட்டகையில்

சண்டை நாடகக் கொட்டகையில். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆபத்து என்றால் சண்டையை நிறுத்தத் துண்டை உள்ளே வீசிவிடு என்று முத்தையாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவனோ அந்தத் துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதல் ரவுண்டில் இவர் இடது கையால் குத்தியதெல்லாம் அந்த ஈக்குப் போன மாதிரிதான் போனது. பெஞ்சமின் அப்போதுதான் விட்டுப்போன இடத்தில் விழுந்தது. இரண்டாவதில் மூச்சு இரைக்க, வலது கையை ஓங்கத் தொடங்கினார். அப்புறம் பெஞ்சமின் விலகவே இல்லை. மார்போடு மார்பாக ஒட்டிக்கொண்டு, இடது விலாவில் மட்டும் குத்திக்கொண்டே இருந்தான். கையை நீட்டி வீச இவருக்கு இடமே கிடைக்கவில்லை. கடைசி மணி வரை அப்படியே போய், புள்ளிக் கணக்கில் பெஞ்சமின் ஜெயித்தான்.

ஜெயித்தவனுக்குக் கைதட்டல் இல்லை, கூச்சல்தான். சோடா மூடி பறந்தது. எனக்குப் பின்னால் மல்லிகைப் பூ வைத்திருந்த ஒரு அம்மா பொரிந்து தள்ளினாள்: "சண்டை பாக்க வந்தா, ரெண்டு பேரும் ரயிலேத்தி விடுறவுக மாதிரிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாகளே!"

காலை ரயிலுக்கு முன்

வீட்டில் ஒத்தடம் கொடுக்கும்போது தோளைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன். மூட்டு இருந்த இடத்தில் இருந்தது. நான் அழுதேன். இவரோ கோபத்தில் இருந்தார். "அவன் எட்ட நின்னு, ஒரே ஒரு தடவ என்னைய வலது கைய வீச விட்டு வெலகியிருந்தா, காத்துல போன வேகத்துல தோளு தன்னால கழண்டிருக்கும். அவனுக்கு அது தெரியும். தெரிஞ்சும் ஒட்டிக்கிட்டே நின்னான். என்னைய நோஞ்சானாக்கிட்டான்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

காலையில் ரயிலுக்குப் போகிற வழியில் பெஞ்சமின் வந்தான். உதடு வீங்கியிருந்தது, இவர் குத்தியதில் ஒன்றாவது பட்டிருக்கிறது. இவர் அவன் முன்னால் போய் நின்று, "ஏன்டா எட்ட நிக்கல? ஊரே உன்னைய ஏசுச்சுல்ல?" என்று கேட்டார். அவன் மணையில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னான்: "ஏசுனா ஏசிட்டுப் போறாங்கண்ணே. நானும் கையை வச்சுக் கரி அள்ளிப் பொழைக்கிறவன்தான். அக்கா, இட்லியப் போடுங்க, நேரமாகுது."

புருஷன் சண்டையில் தோற்றதற்காக மீனாட்சி சன்னதியில் நெய்விளக்குப் போட்டவள் இந்த மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், அதிலும் இவரைத் தோற்கடித்த, ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரப் பிள்ளையின் பேரில்.