மூன்று கோப்பை மெற்றோனிடசோல்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று எவன் சொன்னானோ... 2005 ஜனவரி 13, வியாழக்கிழமை, உச்சி வெயில்.

சுனாமி அடித்துப் பதினெட்டு நாள். மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் இரசாயன ஆய்வுகூடம். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெற்றோனிடசோல் குளிசையைக் கரைத்து, மின்னோட்டம் செலுத்தினால் அது எப்படித் தாழ்த்தப்பட்டு வேறு பொருளாக மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. மறுநாள் முடிவுகளை அனுப்பாவிட்டால் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் கைவிட்டுப் போய்விடும். மிஞ்சியிருந்தது ஒரே போத்தல் குளிசை.

காலை 9.15. ஆய்வுகூடம் கூட்டும் புஸ்பமக்கா அகதி முகாமிலிருந்து ஓடி வந்தார். புருஷனைக் கடல் கொண்டுபோயிருந்தது. மகன் நிதுர்ஷனுக்கு ஆறு வயது. மூன்று நாளாக இரத்தமாகப் போகிறதாம். பாமசிகளில் மருந்தே இல்லையாம்.

“அந்தக் குளிசையில கொஞ்சம் தாங்க புள்ள.”

“முடிஞ்சிட்டு அக்கா.”

போத்தல் என் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் கிடந்தது. எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. காலங்காத்தாலே சனியன் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

12.05. கரைசலைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினேன். ஒட்சிசனை விரட்ட நைதரசன் வாயுவை விட்டேன். குமிழி கிளம்பியது. 12.15க்கு வாயுவை மூடினேன்.

சத்தம் நிற்கவில்லை.

மடக்... மடக்...

குமிழி இல்லை. யாரோ விழுங்கும் சத்தம். கரைசல் இறங்கி, கோப்பை காலியானது. கோப்பையில் கீறல் இல்லை. மேசை நனையவில்லை.

மறுபடி ஊற்றினேன். மடக்... மடக்... காலி.

மூன்றாவது கோப்பை.

12.20.

கண்ணாடி விளிம்பில் மூச்சு படிந்தது...

சின்ன வாய் அளவு.

ஓடினேன்.

மறுநாள் காலை மிச்சக் குளிசையோடு முகாமுக்குப் போனேன். நிதுர்ஷன் முதல் நாள் 12.20க்கே போய்விட்டான். சுனாமிக்குப் பிறகு அவன் முகாமை விட்டு வெளியே வந்ததில்லை. என்னை ஒருநாளும் கண்டதில்லை. கடைசி நேரம் அவன் பக்கத்தில் தாயைத் தவிர யாரும் இல்லை.

புஸ்பமக்கா என் இரண்டு கையையும் பிடித்தார்.

“வெள்ளக் கோட்டு அக்கா கண்ணாடிக் கோப்பையில மருந்து தந்தா, கைக்குதும்மா எண்டான். மூணு தரம் விழுங்கினான். இல்லையெண்டு சொன்னாலும் குடுத்துட்டீங்கதானே புள்ள. நீங்க நல்லா இருக்கணும்.”

ஓம் என்று தலையாட்டினேன்.

குளிசையைத் திருப்பிக் கொண்டுவந்து அன்று பின்னேரமே ஆய்வை முடித்தேன். எதுவும் குறுக்கிடவில்லை. புலமைப்பரிசில் கிடைத்தது.