சைமன் அண்ணனின் கடல் பாறையும் என் படமும்

கடற்கரையில் படம் எடுக்கிற தொழிலில் கேமராவுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. அடுத்த எதிரி, படத்துக்குள் நிற்கவேண்டிய ஆட்களேதான். திருவனந்தபுரம் கரையில் மீன்பிடிக் குடும்பங்களின் வேலையை ஒரு கண்காட்சிக்காகப் படமெடுத்துத் தருகிறேன் என்று வாய் தவறி ஒப்புக்கொண்டேன். எனக்கு வீடு ஆரியசாலை. அப்பாவுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். மீன் வாசல்படி ஏறாத வீடு. என்னைப்போல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மணலில் கால் புதைய அலைந்த புண்ணியவான்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கயிறு பிடித்த கை

முதலில் போனது கரமடி இழுப்பதைப் படமெடுக்க. கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டு, இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையில் நின்று கூட்டமாக இழுக்கிற மீன்பிடிப்பு அது. கயிற்றருகே யார் சும்மா நின்றாலும் கை கொடுக்கவேண்டும், கை கொடுத்தவருக்குக் கறிக்கு மீன் உண்டு என்பது அங்கே வழக்கம். நான் கேமராவைக் கண்ணில் வைத்ததும் வாட்டசாட்டமான ஒருவர் வந்து கயிற்றை என் கையில் திணித்தார். பிறகு என்னோடு உதவிக்கு வந்திருந்த நண்பனின் கேமராவின் முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார். அவர்தான் சைமன் அண்ணன்.

வலை கரையேறியபோது என் உள்ளங்கை எரிந்தது. பங்காகக் கிடைத்த நெத்திலியை வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா என்னையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுவார். அதனால் அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த சைமன் அண்ணனின் மனைவி மேரிச் சேச்சியிடம் விஷயத்தைச் சொல்லி நீட்டினேன். அவர் என்னையும் தன் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீன் தின்னாத்த ஆளு நின்னு இழுக்கான், இழுக்கவேண்டிய ஆளு போட்டோவுக்குச் சிரிக்கான். நல்ல கரைதான் மோனே இது."

போனைக் கரையில் வைத்துவிட்டு

சில மாதப் பழக்கத்துக்குப் பிறகு சைமன் அண்ணன் என்னைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. போனை மேரிச் சேச்சியிடம் கொடுத்துவிட்டு வரவேண்டும். கடலுக்கடியில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு பாறை உண்டு. மீன் கூடுகிற இடம். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அதை நம்பித்தான். போன் இடத்தைக் குறித்துவைத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் பயம். என் கேமராவில் அந்த வசதியெல்லாம் கிடையாது என்று மாதாமேல் சத்தியம் செய்தேன். அது உண்மையும்கூட.

பாறைக்கு மேலே வள்ளம் நின்றதும் அலை என்னைப் பதம் பார்த்தது. காலையில் தின்ற இட்லி முழுவதும் கடலுக்குப் போனது. தலையைத் தூக்கியபோது சைமன் அண்ணன் தூண்டில் கயிற்றை வலித்துக்கொண்டிருந்தார். நுனியில் பெரிய மீன் துள்ளியது. அவருக்குப் பின்னால் கரை, தேவாலயக் கோபுரம், ஓரத்தில் கலங்கரை விளக்கம், அதற்கெல்லாம் பின்னால் பொன்முடிப் பக்கத்து மலைகள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மறு கையால் கேமராவை அழுத்தினேன். என் வாழ்நாளிலேயே நல்ல படம் அதுதான். அவர் மீனை வள்ளத்துக்குள் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"சாரு இட்டது நல்ல இரையாக்கும். இனியும் உண்டெங்கில் இடணும், கேட்டோ."

சேச்சியின் கண்

அந்தப் படம்தான் கண்காட்சியில் சுவர் அளவுக்குப் பெரிதாக வரப்போகிறது என்று போனில் காட்டப் போனேன். சைமன் அண்ணன் தன் புஜத்தைப் பார்த்துப் பூரித்தார். மேரிச் சேச்சி அவரைப் பார்க்கவேயில்லை. அவருக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார்.

கோபுரம் மலையின் எந்தப் பள்ளத்துக்கு நேராகத் தெரிகிறது, கலங்கரை விளக்கம் எதற்கு நேராகத் தெரிகிறது என்று பார்த்துத்தான் அவர்கள் கடலில் இடம் கண்டுபிடிக்கிறார்கள். கணிச்சம் என்று பெயர். என் படத்தில் இரண்டும் பளிச்சென்று விழுந்திருந்தன. சைமன் அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. பக்கத்துக் கரை வள்ளங்கள் மொய்த்தால் அந்தப் பாறையில் மிஞ்சுவது பாறை மட்டும்தான். கண்காட்சி நடத்துகிற அம்மாவைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். படம் ஒட்டியாகிவிட்டது, பக்கத்துக் கரைக்காரர்களையும் அழைத்தாயிற்று என்றார். சேச்சி என் போனைத் திருப்பித் தந்தார்.

"போனைப் பிடிச்சு வச்சோம், கண்ணாடிக் கண்ணை வள்ளத்தில ஏத்தி விட்டோம். இப்பம் எங்க அடுப்பு சுவத்தில இருக்கு மோனே."

சுவரை மறைத்த முதுகு

திறப்பு நாளன்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் போனேன். சைமன் அண்ணன் வெள்ளைச் சட்டையில், படத்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டிருந்தார். மலையை மறைக்க அவர் முதுகு போதவில்லை. அடுத்த கரை பெர்னாட் வந்தார். அந்தப் பாறையைத் தேடி வருஷக்கணக்காக சைமன் அண்ணனின் வள்ளத்தைப் பின்தொடர்ந்து தோற்றவர். அவர் சிரித்தபடியே சைமன் அண்ணனை ஓரமாக நகர்த்தினார்.

பெர்னாட் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். அப்போதுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். சைமன் அண்ணனின் முகம் தலைப்பு எழுத்துகளைப் பார்த்தபடி இருக்கவேண்டும் என்று, வடிவமைத்த பையன் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தான். தெற்கே நிற்கவேண்டிய கலங்கரை விளக்கம் வடக்கே நின்றது. மலைகள் தலைகீழ் வரிசையில் நின்றன. சைமன் அண்ணன் இடதுகையால் மீன் வலித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். பெர்னாட் என் தோளில் கைபோட்டார்.

"சைமன் எப்பம் சாரே இடங்கையனானது? இப்படி ஒரு மலையும் கோபுரமும் நம்ம கரையில எங்கேயும் இல்ல. இது கம்ப்யூட்டர் வரைஞ்ச படம். சாரு ஒரு நாளெங்கிலும் கடலுக்கு வந்து எடுக்கணும்."

குடலைக் கடலுக்குக் கொடுத்து எடுத்த ஒரே நல்ல படத்தை ஒருவர் போலி என்று சொல்ல, "ஆமாம் அண்ணே, போலிதான்" என்று கைகுலுக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கிய புகைப்படக்காரன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.