முன்வரிசையில் ஆள் இருக்கு

காகிதம் எரியும் வாசனை வந்தால் இன்றைக்கும் என் கால்கள் இரண்டும் ஓடத் தயாராகிவிடுகின்றன. விறகுப் புகையோ குப்பை எரியும் புகையோ அல்ல; நடுவில் தங்கப்பூச்சு வைத்த சொரசொரப்பான மஞ்சள் தாள்களைக் கட்டுக்கட்டாகத் தெருவோரம் போட்டு எரிக்கும்போது, ஊதுபத்தி மணத்தோடு கலந்து எழும்புமே, இனிப்பும் கசப்புமான ஒரு புகை, அது. ஆகஸ்டு முடிந்து செப்டம்பர் பிறக்கும் வாரங்களில் சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருக்களில் சாயங்காலம் ஆனால் அந்தப் புகைதான். பள்ளி நூலகத்தில் நான் எடுத்துப் படித்த ஆங்கிலக் கதைகளில் செப்டம்பர் வந்தால் மரங்கள் பொன்னிறமாகி இலை உதிர்க்கும். கதாநாயகன் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு பெருமூச்சு விடுவான். எங்களுக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. எங்கள் ஊரில் உதிர்ந்தது சாம்பல். கறுப்புத் துணுக்குகளாக மேலே போய், ஆற அமர யோசித்து, கொடியில் காயும் வெள்ளைச் சட்டையாகப் பார்த்து இறங்கும். எனக்குத் தெரிந்த இலையுதிர் காலம் அதுதான்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள். எனக்கு வயது பதின்மூன்று. உடம்பில் கால்கள் மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டதால் எனக்கு "ஒட்டகம்" என்று பெயர். வைத்தவன் தங்கராசு. மாவு மில்லுக்கு மேல்மாடியில் குடியிருந்தான். எப்போதும் சட்டையில் மிளகாய்த்தூள் வாசனையோடு வருவான். என் ஒரே நண்பன், ஒரே எதிரி. அந்த வருடம் பள்ளிகளுக்கிடையிலான ஒரு மைல் ஓட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒருவனைத்தான் அனுப்புவதாக இருந்தார்கள். ஒன்று அவன், இல்லாவிட்டால் நான். அதிலும், கடைசி நூறு கஜத்தில் அவன் என்னைத் தாண்டிப் போவான் என்பது கடிகாரம் மணியடிப்பதுபோல் தவறாமல் நடந்துவந்த விஷயம். உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டக்காரர்களின் பெயரையெல்லாம் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, ஒரே ஒரு தடவை ராசுவை முந்தத் தெரியவில்லை.

ஏழாம் மாதம் என்று சீனர்கள் சொல்லும் மாதம் அது. சோறு போட ஆளில்லாத செத்தவர்களெல்லாம் அந்த ஒரு மாதம் வெளியே வந்து ஊர் சுற்றுவார்கள். அவர்களுக்காகத் தெருவோரத்தில் ஆரஞ்சும் சோறும் மெழுகுவர்த்தியும் வைத்து, செலவுக்குப் பணமாக அந்த மஞ்சள் தாளை எரித்து, பொழுதுபோக்குக்கு மேடை கட்டி "வாயாங்" என்ற கூத்தும் நடத்துவார்கள். ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு காலி மனையில் அப்படி மேடை போட்டிருந்தார்கள். பயிற்சி முடிந்து, கால்கள் கெஞ்ச, நானும் ராசுவும் அந்தப் பக்கம் வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். சிங்கி சத்தம் காதைப் பிளக்கிறது. பின்னால் நிற்கக்கூட இடமில்லை; ஆனால் முன்வரிசை நாற்காலிகள் பத்தும் காலி.

"போய் உக்காருடா ஒட்டகம், உனக்காகத்தான் போட்ருக்காங்க" என்றான் ராசு.

போய் உட்கார்ந்தேன். இலவசமாகக் கிடைப்பதைச் சந்தேகிக்கும் புத்தி எனக்குப் பிற்பாடு வந்ததுதான். உட்கார்ந்ததும் நாற்காலி சில்லென்று இருந்தது. அது இரும்பு நாற்காலி, அப்படித்தான் இருக்கும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். பின்வரிசையிலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே கரிக்கடை வைத்திருந்த ஆ சிம். சிராங்கூன் சாலையிலேயே பிறந்து வளர்ந்ததால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசும், ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு "லா" போடும் சீன அம்மாள்.

"எந்திரி பையா, எந்திரி! அதுல ஆளு இருக்கு லா!"

"யாரும் இல்லியே ஆ சிம்."

"நீ அவங்க மடியிலயே உக்காந்திருக்க. மன்னிப்புக் கேட்டுட்டு எந்திரி."

நான் காற்றைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுந்தேன். கூட்டத்தில் பாதி சிரித்தது, பாதி சிரிக்கவில்லை. ராசு சிரித்த பாதியில் இருந்தான். ஆ சிம் என் காதுக்குள் சொன்ன அடுத்த வார்த்தையில்தான் இந்தக் கதையே மாட்டிக்கொண்டது: "இந்த மாசம் முடியற வரைக்கும், பின்னால யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாதே. அம்மாவே கூப்பிட்டாலும் திரும்பாதே. திரும்பினா, நீதான் அவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அவங்க நெனச்சுக்குவாங்க."

மறுநாளே ஆரம்பித்தது. "அஞ்சடி" என்று நாங்கள் சொல்லும் கடை வாசல் நடைபாதை வழியாகத் திடலுக்கு ஓடிப்போகும்போது பின்னால் காலடிச் சத்தம். நான் நின்றால் நின்றது, ஓடினால் ஓடியது. என் கேன்வாஸ் சப்பாத்தின் சத்தம்தான் கடைச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது என்று அறிவியல் பாடத்தில் படித்ததை வைத்து எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன். அழகான நிரூபணம். ஃபேரர் பார்க் திடலை அடைந்தபோதுதான் அதில் ஓட்டை விழுந்தது. அங்கே சுவரே இல்லை. சத்தம் மட்டும் இருந்தது, புல்லை மிதிக்கிற மெத்தென்ற சத்தமாக, பத்தடி பின்னால், மூச்சு வாங்காமல்.

அம்மாவிடம் சொன்னேன். "நம்ம காளியாத்தாளுக்குச் சீனப் பேய் கட்டுப்படுமான்னு தெரியல. இருந்தாலும் பூசிக்க" என்று நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டாள். அது வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியதுதான் மிச்சம். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் வேகமாக ஓட ஆரம்பித்திருந்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் முந்தின நாளைவிட வேகமாக. எங்கள் விளையாட்டு ஆசிரியர், எப்போதும் கறுப்புக் குடையோடு திடலில் நிற்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர், தன் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். "பின்னால பாக்காதையடா பெடியா, ஒருக்காத் திரும்பினால் ரெண்டடி போச்சு" என்று எல்லோரையும் அவர் எச்சரிப்பது வழக்கம். எனக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. கடவுளே வந்து என் கழுத்தைப் பிடித்துத் திருப்பியிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்.

தேர்வு ஓட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எட்டுப் பேர், எல்லோரும் பள்ளியின் பச்சைப் பனியனில். திடலைச் சுற்றி நான்கு சுற்று. மூன்று சுற்று முடிந்தபோது நான் முன்னால், ராசு எனக்குப் பின்னால், மற்றவர்கள் பேருக்கு வந்தவர்கள்போல் தூரத்தில். கடைசிச் சுற்றில், திடலின் மறுபக்கம், அங்சானா மரங்களும் அவற்றை ஒட்டித் திறந்த கால்வாயும் இருந்த இடத்தில் ரோட்டிலிருந்து தாள் எரியும் புகை தாழ்வாக வந்து படர்ந்திருந்தது. புகைக்குள் நுழைந்தேன். பத்தடி தள்ளியே வந்த காலடி அன்றைக்கு என் குதிகாலுக்கே வந்துவிட்டது.

அப்போதுதான் கூப்பிட்டது.

"ஒட்டகம்!"

மறுபடி, "டேய் ஒட்டகம்!" மூன்றாம் தடவை குரல் உடைந்திருந்தது. ஒரு சீனப் பேய்க்கு என் பட்டப்பெயர் எப்படித் தெரியும், அதுவும் "டேய்" போட்டுக் கூப்பிட எங்கே கற்றுக்கொண்டது என்றெல்லாம் யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. பின்னால் ஒரு அலறல். நான் திரும்பவில்லை. கண்ணீரும் விபூதியுமாக ஓடி, மாஸ்டரின் குடையைத் தாண்டி, இன்னும் ஐம்பது கஜம் ஓடித்தான் நின்றேன்.

திரும்பிப் பார்த்தபோது இரண்டாவதாக வந்தவன் ராசு இல்லை.

கால்வாய்க்குள் கிடந்தான். வலது கணுக்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நான்கு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் என் தோளில் கை வைத்து, "கூப்பிட்டும் நீ திரும்பேல்லை. ஓட்டக்காரன் எண்டால் அப்பிடித்தான் இருக்கோணும்" என்றார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்றையாவது திருப்பிக் கொடுக்க முடிந்தால் நன்றாயிருக்கும்.

மூன்று நாள் கழித்துத்தான் மாவு மில் மாடிப்படி ஏறத் தைரியம் வந்தது. கால் முழுக்கப் பச்சிலைக் கட்டோடு ராசு படுத்திருந்தான். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததில் கட்டிலே லேசாக நடுங்கியது.

"ஏன்டா திரும்பல?"

"ஏழாம் மாசம்டா. கூப்பிட்டா திரும்பக்கூடாதுன்னு ஆ சிம் சொல்லிச்சு. நீ விழுந்து கூப்பிடறேன்னு எனக்குத் தெரியாதுடா ராசு, சத்தியமா."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"விழுந்துட்டுக் கூப்பிடல. அதுக்கு முன்னாடியே கூப்பிட்டேன். உனக்கும் எனக்கும் நடுவுல ஒருத்தன் ஓடினானே, வெள்ளைப் பனியன் போட்டுட்டு, அது யாருடா?"

"வெள்ளைப் பனியன் யாரும் போடலியே."

"உன் முதுகை ஒட்டிக்கிட்டே ஓடினான். நீ மிதிச்ச இடத்துலயே மிதிச்சுக்கிட்டு. உன்கிட்டச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன். அவனையே பாத்துட்டு ஓடினதுல கால்வாயைப் பாக்கல."

கீழே மில் நின்றுபோனது.

பள்ளிகளுக்கிடையிலான ஓட்டம் அக்டோபரில் நடந்தது. ஏழாம் மாதம் அதற்குள் முடிந்திருந்தது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை, என் காலில் எந்த வேகமும் இல்லை. கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தேன். எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் காய்ச்சல் என்று பிற்பாடு தெரிந்தது. ராசுவின் கணுக்கால் கோணலாகவே கூடிவிட்டது. அதன் பிறகு அவன் ஓடவே இல்லை. நடக்கும்போது வலது காலை ஒரு இழுப்பு இழுத்துத்தான் வைப்பான்.

அவன் பிறவிக் குறும்புக்காரன். என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததே அவன்தான். ஆகவே வெள்ளைப் பனியன் என்பது உண்மையா, இல்லை, திரும்பிப் பார்க்காத நண்பனுக்கு அவன் யோசித்துக் கொடுத்த தண்டனையா என்பது எனக்கு விளங்கவே இல்லை. வருடா வருடம், புகை எழும்புகிற அந்த வாரங்களில், எங்கள் இருவருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்து தொப்பை விழுந்த பிறகும், காப்பிக் கடையில் அவனிடம் கேட்பேன்: "இப்பவாச்சும் உண்மையைச் சொல்லுடா." காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஒரே பதிலைச் சொல்வான்: "அன்னிக்கு நீ திரும்பியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும் லா."

போன வருடம் ஜூனில் ராசு போய்விட்டான். பதிலையும் கொண்டுபோய்விட்டான்.

மாவு மில் இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. கரிக்கடை என்றால் என்னவென்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். மரங்களை ஒட்டியிருந்த கால்வாயை மூடிச் சிமெண்டு போட்டுவிட்டார்கள், அதில் இனி யாரும் விழ முடியாது. வாயாங் மேடைகளில் வண்ண விளக்குக்குக் கீழே பெண்கள் சினிமாப் பாட்டுப் பாடுகிறார்கள். இரும்பு நாற்காலி போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. முன்வரிசை மட்டும் காலியாகவே இருக்கிறது.

நான் இப்போது இருப்பது ஊரின் வடகோடியில், ஈசூனில். ஐம்பதைத் தாண்டியவன் ஓடுவதை ஓட்டம் என்று சொல்லலாமென்றால், விடியற்காலையில் குளத்தைச் சுற்றி ஓடுகிறேன். இந்தச் செப்டம்பரில் ஒருநாள், நடைபாதையில் முந்தின மாலை எரித்த தாளின் சாம்பல் இன்னும் கிடக்க, பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பத்தடி பின்னால், மூச்சு வாங்காமல்.

இந்தத் தடவை திரும்பினேன்.

வெள்ளைப் பனியன். என் வயதிருக்கும், ஒரு சீனர். தலையை லேசாக அசைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார். தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. புல்லில் இறங்கி ஓடியிருக்கலாம். இப்போது எனக்கு முன்னால் அந்த முதுகு, ராசு நாற்பது வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த முதுகு. அவன் அன்றைக்கு ஓடிய இடத்தில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த முதுகுக்கும் முன்னால் யாராவது ஓடுகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். வளைவில் மரநிழல் மட்டும்தான். காலை இழுத்து ஓடுகிறவன் அதற்குள் இருந்தால் தெரியாத அளவுக்கு இருட்டு.

"ராசு!" என்று கூப்பிட்டேன். ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை.

பனியன்காரர் திரும்பவில்லை. வேறு யாரும் திரும்பவில்லை. ஏழாம் மாதம், விவரம் தெரிந்தவர்கள் திரும்ப மாட்டார்கள். நான், ராசுவைப்போல் விழுந்துவிடாமல் தரையைப் பார்த்தபடி, மெதுவாக அவருக்குப் பின்னால் ஓடினேன்.